காத்தாடி மழையை விரட்டுமா?

தோவாளை சொந்தங்கள் (குழு)

ராஜன் மாமா: [ஃபார்வேர்டு] முப்பந்தல் காத்தாடிகள் (மின்சாரம் எடுக்கும் காற்றாலைகள்) மழை மேகத்தை விரட்டுகின்றன! எல்லாருக்கும் அனுப்பவும்.

ராஜன் மாமா: பிரபா, இது உள்ளதாக்கும்?

பிரபா: இல்ல மாமா, தலைகீழா எழுதியிருக்காங்க. தென்மேற்குப் பருவத்துல மேகம் மலைக்கு மேக்க, பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கமே பெரும்பாலும் கொட்டிரும். ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி வாறது ஈரம் குறைஞ்ச காத்து. அந்தக் காத்து வாற முப்பந்தல் முன்னாலயே மழைமறைவு, மலை மறைச்சு மழை குறையுற இடம். காத்து பாயுற வறண்ட பூமின்னுதான் காத்தாடியை அங்க நட்டாங்க.

பிரபா: இறகு நுனி 100, 200 மீட்டர் போகும். மழை மேகம் பல கிலோமீட்டர் எழும்பி நிக்கும். காத்தாடிக்குப் பக்கத்துல ராத்திரி தரைச்சூடு லேசா கூடுறதை அளந்திருக்காங்க. மேல் காத்தும் கீழ் காத்தும் கலக்குறதால வாறது அது. அதை வச்சு மழை போச்சுன்னு சொல்ல முடியாது.

செல்வி அத்தை: காத்து பாதியானா கரண்டும் பாதி கிடைக்கும்லா மக்ளே?

பிரபா: எட்டுல ஒரு பங்குதான் அத்தை. வேகத்தோட மும்மடிப் பெருக்கத்துலதான் சக்தி ஏறும், இறங்கும். மே முதல் செப்டம்பர் வரை நல்லா ஓடிட்டு, பிறகு படுக்குறது அதனாலதான்.

ராஜன் மாமா: அப்போ மாடியில சோலார் போடலாம். நம்ம வெயிலுக்கு அள்ளிக் கொடுக்கும்.

ஜெயா மதினி: வேண்டியது வெளிச்சம் மாமா, சூடு இல்ல. பேனல் சூடு 25 டிகிரிக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் கரண்டு 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். பேனல் 60 டிகிரி தொட்டா பத்து சதவீதத்துக்கு மேல போச்சு. தளத்தோட ஒட்டிப் போட விடாதீங்க, அடியில காத்து ஓடணும்.

செல்வி அத்தை: கரண்டு போனாலும் ஃபேன் ஓடும்னு கடைக்காரன் சொன்னானே.

ஜெயா மதினி: பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர்னா, அதாவது கரண்டு லைனோட சேர்ந்தே ஓடுறதுன்னா, ஓடாது அத்தை. லைன் செத்ததும் அதுவே நின்னுரும். நிக்கலேன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்குறவருக்கு ஷாக் அடிக்கும். கரண்டு போகும்போதும் வேணும்னா ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் கேளுங்க.

ராஜன் மாமா: 3 கிலோவாட் போதுமா?

ஜெயா மதினி: ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சராசரி 4 யூனிட் கிடைக்கும், இடம் 100 சதுர அடி வேணும். பில்லைப் பாத்து முடிவு பண்ணுங்க. மத்திய அரசு மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதுக்கு மேல போட்டாலும் அவ்வளவுதான்.

ஜெயா மதினி: கடக்கரை வீட்டுக்குன்னா சாதா இரும்பு போல்ட் வேண்டாம், உப்புக்காத்து தின்னுரும். துருப்பிடிக்காத ஸ்டீல்ல 316 ரகம் கேளுங்க. பேனலை விடியக்காலம் நல்ல தண்ணியில கழுவணும். போர் தண்ணி உவரா இருந்தா கறை படியும்.

ராஜன் மாமா: நாளைக்கு அளவெடுக்க வாறாங்க.

ஜெயா மதினி: காலை 9க்கும் சாயங்காலம் 3க்கும் தென்னை நிழல் எங்க விழுதுன்னு பாக்கச் சொல்லுங்க மாமா. ஒரு ஓலை நிழல் ஒரு பேனல்ல கிடந்தாலே அந்த வரிசையே இளைக்கும்.