லெகோ வி8 ரேஸ் கார்: தள்ளினா பின் சக்கரம் இறுகிக்குது, பிஸ்டன் அசையல. உதவி!

பந்தயப்பிரியன்:
அவசரம். லெகோ டெக்னிக்ல (பல்சக்கரம், அச்சு எல்லாம் வச்சுக் கட்டற பொம்மைத் துண்டுகள்) ரேஸ் கார் ஒண்ணு முடியற கட்டத்துல இருக்கு, பாடி பேனல் எல்லாம் மாட்டியாச்சு. மேஜை மேல வச்சுத் தள்ளினா பின் டயர் சுத்தாம தேய்ச்சுக்கிட்டே வருது. பிஸ்டன் அசையவே இல்ல. ஆனா வண்டியைத் தூக்கிப் பிடிச்சு ஒரு சக்கரத்தைச் சுத்தினா அருமையா சுத்துது, அதனால டிஃப்பரென்ஷியல் (ரெண்டு பின் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற பல்சக்கரக் கூடு), கியர்பாக்ஸ் ரெண்டும் ஓகே. இன்ஜின்லதான் ஏதோ. பிரிக்காம சரி பண்ண வழி இருக்கா?

அச்சாணி:
செட் (லெகோ பெட்டி) எண் என்ன? எந்தப் படி வரைக்கும் நல்லா ஓடிச்சு?

பல்சக்கரம்12:
எத்தனை கியர்? நியூட்ரல்ல உருளுதா? பேனல் மாட்டறதுக்கு முன்னாடியும் இப்படித்தானா?

கட்டுமானச்செம்மல்:
உதவி கேட்பவர்கள் முதலில் படிக்க வேண்டியவை மேலே ஒட்டப்பட்டிருக்கின்றன. செட் எண், அடிப்பக்கப் படம், என்ன சோதித்தீர்கள் என்ற மூன்றும் இல்லாமல் எழுதினால் நாங்கள் சோழி உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். பேனலை மாட்டிய பிறகு பிரிக்காமல் சரிசெய்ய முடியுமா என்பது கேள்வியே அல்ல. வெறும் சட்டமாக இருக்கும்போதே ஒவ்வொரு கியரிலும் உருட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

நீலப்பின்:
பாக்காமலே சொல்றேன், பின் (துண்டுகளைக் கோக்கற சின்ன முளை) மாறியிருக்கும். சும்மா சுத்த வேண்டிய ஐட்லர் கியரை (ரெண்டு கியருக்கு நடுவுல நிக்கற கியர்) நீல ஆக்ஸில்-பின்ல (ஒரு பாதி அச்சு, ஒரு பாதி முளை) மாட்டியிருப்பீங்க. நீலம் பிடிப்பு உள்ளது, அங்க டேன் (வெளிர் மணல்) நிறம்தான் வரணும். அதே மாதிரி கருப்பு பின் பிடிக்கும், வெளிர் சாம்பல் பிடிக்காது. மூணு ஸ்டட் (லெகோ அளவு, ஒரு குமிழ் அகலம்) நீளத்துலயும் நீலம் பிடிக்கும், டேன் வழுக்கும். சுத்தற இடத்துல எல்லாம் நிறத்தைச் சரிபாருங்க.

பல்சக்கரம்12:
@நீலப்பின் எல்லா இழையிலயும் உங்களுக்குப் பின்தான் குற்றவாளி :) ஒரு நீலப் பின்னால கனமாத்தான் சுத்தும், டயர் தேயற அளவுக்குப் பூட்டிக்காது.

பந்தயப்பிரியன்:
செட் இல்லங்க, சொந்த டிசைன். சொல்ல மறந்துட்டேன். 4 கியர், சீக்வென்ஷியல் (ஒண்ணு ஒண்ணா வரிசையா மாறும்), ஸ்டியரிங் பக்கத்துல கியர் மாத்தற துடுப்பு. 28 பல் டிஃப்பரென்ஷியல்.

கட்டுமானச்செம்மல்:
இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

சிலிக்கான்சாமி:
ஆக்ஸில் எல்லாத்துலயும் ஒரு சொட்டு சிலிக்கான் ஆயில் விடுங்க. இவ்வளவு கியர் இருக்கிற வண்டி எண்ணெய் இல்லாம ஓடாது.

அச்சாணி:
தம்பி, தூக்கிப் பிடிச்சுச் சுத்திப் பார்த்தேன்னீங்களே, அந்தச் சோதனையால ஒரு பயனும் இல்ல. மறு சக்கரம் காத்துல சும்மா இருக்கு. நீங்க ஒண்ணைச் சுத்தினா உள்ள இருக்கிற மூணு 12 பல் பெவலும் (சாய்வுப் பல் கியர்) திரும்பி, மறு சக்கரத்தை எதிர்ப்பக்கம் அதே வேகத்துல சுத்திவிடும். டிஃப்பரென்ஷியல் கூடு அசையறதே இல்ல. கூடு அசையலன்னா கியர்பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் எதுவும் போகாது. அதுக்குப் பின்னாடி எல்லாமே பூட்டிக் கிடந்தாலும் சக்கரம் "அருமையா" சுத்தும். ரெண்டு சக்கரத்தையும் பிடிச்சு ஒரே பக்கமா, ஒரே நேரத்துல சுத்திப் பாருங்க. அப்பதான் உண்மை தெரியும்.

கிராங்க்குமார்:
வி8-ல கிராங்க் (பிஸ்டனை ஏத்தி இறக்கற தண்டு) துண்டுகளை 90 பாகை மாத்தி மாத்திக் கோத்தீங்களா? தப்பா கோத்தா பிஸ்டன் எல்லாம் ஒண்ணா மேல ஏறும்.

பல்சக்கரம்12:
ஏறட்டுமே. பார்க்க நல்லா இருக்காது, அவ்வளவுதான், பூட்டாது. பிஸ்டன் சிலிண்டருக்குள்ள தொளதொளன்னுதான் இருக்கு.

பந்தயப்பிரியன், இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க: துடுப்பை ஒவ்வொரு தட்டா மாத்தி நாலு நிலையிலயும் தள்ளிப் பாருங்க. நாலுலயும் இறுகுதா, சிலதுல மட்டுமா?

பந்தயப்பிரியன்:
ரெண்டு சக்கரமும் சேர்த்துச் சுத்தினேன், சுத்தல. நிலை 1, 3 இறுகுது. 2, 4 நல்லா உருளுது ஆனா பிஸ்டன் அசையல.

பல்சக்கரம்12:
அப்போ இன்ஜின்ல ஒண்ணும் இல்ல. டிரைவிங் ரிங்கை (ஆக்ஸில்ல வழுக்கிப் போய் கியரைப் பிடிக்கிற வளையம்) தள்ளுற அந்த அலை வெட்டு உருளை ரெண்டும் ஒரே கோணத்துல உட்கார்ந்திருக்கு.

ஒவ்வொரு உருளையும் 90 பாகைக்கு ஒரு தட்டா இடது, நடு, வலது, நடுன்னு ரிங்கை நகர்த்தும். ஒண்ணு ஓரத்துல இருக்கிறப்போ மத்தது நடுவுல இருக்கணும். ரெண்டையும் ஆக்ஸில்ல ஒரே மாதிரி கோத்துட்டா ஒரு தட்டுக்கு ரெண்டு ரிங்கும் ஒண்ணா கிளட்ச் கியரை (ரிங் பிடிச்சா மட்டும் ஆக்ஸிலோட சேர்ந்து சுத்தற கியர்) பிடிக்கும். உதாரணமா 16 பல்லுக்கு 16, 12-க்கு 20 ரெண்டு விகிதமும் ஒரே நேரத்துல மாட்டிக்கும். ஒரே ஆக்ஸில் ரெண்டு வேகத்துல சுத்த முடியாது, பூட்டு. அடுத்த தட்டுக்கு ரெண்டு ரிங்கும் நடுவுல, அதாவது நியூட்ரல். வண்டி உருளும், பிஸ்டன் தூங்கும். நீங்க சொன்னது அச்சு அசல் இதுதான்.

செய்ய வேண்டியது: துடுப்பை 2-ல வைங்க. உருளை ஆக்ஸிலோட கடைசி புஷ்ஷை (ஆக்ஸில் நகராம பிடிக்கிற சின்ன வளையம்) கழட்டி, இன்னொரு ஆக்ஸிலால பின்னாலிருந்து தள்ளி, ஒரு உருளை விடுபடற வரைக்கும் மட்டும் இழுங்க. அந்த உருளையை மட்டும் 90 பாகை திருப்பித் திரும்பக் கோத்துடுங்க. ரிங் உள்ள போகலன்னா அழுத்தாதீங்க, பின் சக்கரத்தை லேசா அசைச்சா பல் தானா உட்காரும். புஷ்ஷை பீமோட (துளை வச்ச நீளத் துண்டு) இறுக்கி அழுத்தாம நகக்கண் இடைவெளி விடுங்க.

அச்சாணி:
இன்னும் ரெண்டு. பூட்டியிருக்கிறப்போ பலமாத் தள்ளியிருந்தா நீள ஆக்ஸில் முறுக்கியிருக்கும். வெளியே எடுத்து நுனியிலிருந்து ஒரு கண்ணால பாருங்க, விளிம்பு நேரா ஓடாம சுருள் மாதிரி போனா அதை மாத்திடுங்க. அப்புறம் ஒரு ரிங்ல 1, 3, மத்ததுல 2, 4 இருக்கணும். 1, 2 ஒரே ரிங்ல இருந்தா கியர் 1-3-2-4 வரிசையில விழும்.

சிலிக்கான்சாமி:
எல்லாம் சரி, எண்ணெயும் விட்டா இன்னும் நல்லா ஓடும்.

நீலப்பின்:
எண்ணெய் வழிஞ்சு பிடிப்புப் பின்னுல போனா சட்டமே தளர்ந்துடும். டயர்ல பட்டா மேஜைல வழுக்கி, இன்ஜின் சுத்தலன்னு அடுத்த இழை வரும்.

சிலிக்கான்சாமி:
நான் சொன்னது சிலிக்கான். சமையல் எண்ணெயா ஊத்தச் சொன்னேன்?

கட்டுமானச்செம்மல்:
சிலிக்கான் பிளாஸ்டிக்கைக் கெடுக்காது என்பது சரி. ஆனால் மினரல் ஆயில், கிரீஸ் வகைகள் அழுத்தத்தில் இருக்கும் ஏபிஎஸ் (லெகோ பிளாஸ்டிக்) துண்டில் விரிசல் விழச் செய்யும். புதியவர்கள் "எண்ணெய்" என்று படித்துவிட்டுக் கையில் கிடைத்ததை ஊற்றுவார்கள். இந்த விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள்.

சிலிக்கான்சாமி:
அந்த இழையை நீங்கதானே பூட்டினீங்க?

கிராங்க்குமார்:
எண்ணெயே தேவையில்ல. அடிப்படைக் கணக்கு போதும். இணை ஆக்ஸில் ரெண்டுக்கும் நடுவுல 2 ஸ்டட்னா 16 மி.மீ., பற்களோட கூட்டுத்தொகை 32 வரணும். 16+16, 12+20, 8+24. யாரோ ஒருத்தர் 16-ஐயும் 20-ஐயும் நெருக்கி மாட்டிட்டு, கனமா இருக்கு, எண்ணெய் விடலாமான்னு கேட்பாங்க.

பந்தயப்பிரியன்:
ஓடுது!! பிஸ்டன் ஆடுது. ஆனா 1-4-3-2-ன்னு போகுது. மறுபடி பிரிக்கணுமா?

பல்சக்கரம்12:
எதிர்ப்பக்கம் 90 திருப்பிட்டீங்க. அதே உருளையை 180 பாகை திருப்பினா சரியாயிடும்.

அச்சாணி:
எதுக்குப் பிரிக்கணும்? 1-4-3-2-ஐப் பின்னாலிருந்து படிச்சா 1-2-3-4 தானே. துடுப்பை இழுக்கிறதுக்குப் பதிலா தள்ளட்டும்.

பல்சக்கரம்12:
அட ஆமா. துடுப்புக்கும் உருளைக்கும் நடுவுல ஒரு ஐட்லர் சேர்த்தாலும் திசை மாறிடும், அங்க இடம் இருந்தா.

நீலப்பின்:
அந்த ஐட்லரை டேன் பின்ல மாட்டுங்க.

மௌனவாசகன்:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனா மோட்டார் வச்ச வண்டி. வளைவுல "டக் டக்"னு சத்தம் வருது.

அச்சாணி:
அது வேற. பெவல் பல் தாவுது. டிஃப்பரென்ஷியலை 5×7 சட்டத்துக்குள்ள வச்சிருக்கீங்களா, இல்ல ரெண்டு தனி பீம்ல தொங்குதா? பீம் விரிஞ்சா பல் தாவத்தான் செய்யும்.

கட்டுமானச்செம்மல்:
புதிய இழை தொடங்கவும். அடிப்பக்கப் படத்துடன்.