உளுந்தா, கோடை நெல்லா? (பர்மா, பெகு வீட்டுக் குழு, கார்த்திகை)

பெரியப்பா, காலை 6:12
அறுப்பு முடிந்தது. கோடை நெல்லுக்காகக் குழாய்க் கிணற்றை இன்னும் 100 அடி இறக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் சங்கிலியை விற்கவேண்டி வரும். எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

ரங்கூன் அத்தை, 6:30
நகை போனால் போகட்டும் அண்ணே. தண்ணீர் நிலைக்குமா?

அண்ணன், 6:41
போன பங்குனியில் நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போய்விட்டது அத்தை. மேலே வைத்த பம்பு அதற்குக் கீழிருந்து உறிஞ்சாது. கிணற்றோரம் ஆளுயரக் குழி வெட்டி, பம்பைக் கயிறு கட்டி இறக்கினோம். நாலு நாள் ஓடியது, அப்புறம் வெறும் காற்று. கதிர் பால் பிடிக்கிற நேரம். பக்கத்து வீட்டார் குடிக்கிற கைப்பம்பும் வற்றிவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெரியப்பா, 6:50
3000 மில்லிமீட்டர் பெய்கிற ஊர் இது. தண்ணீருக்கா பஞ்சம்?

நான், 7:05
பெய்வது வைகாசி முதல் ஐப்பசி வரைதானே பெரியப்பா. பெரும்பகுதி ஓடிக் கடலுக்குப் போகிறது. அப்புறம் சித்திரை வரை கிணற்றை நம்பித்தான் கோடை நெல். ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரி 2500 லிட்டர் வயலுக்குப் போகிறது என்று பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் கணக்குச் சொல்கிறது. நாம் ஆழப்படுத்தினால் பக்கத்துக்காரரும் ஆழப்படுத்துவார்.
உளுந்துக்குப் பம்பைத் தொடவே வேண்டாம். அறுத்த வயலின் ஈரத்தில் முளைத்து, பனியில் வளர்ந்து, மாசியில் வீட்டுக்கு வந்துவிடும். 1992இல் அரசாங்கம் கோடை நெல்லைக் கொண்டுவரும் முன்பு தாத்தா அதைத்தானே செய்தார்?

பெரியப்பா, 7:20
2017 மறந்துவிட்டதா? நம் உளுந்தை வாங்குகிற இந்தியா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் விலை விழுந்தது. மூட்டைகளை வண்டு தின்றதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரங்கூன் அத்தை, 7:24
அதுவும் உண்மைதான் தம்பி. அந்த வருஷம் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான், 7:38
அதனால்தான் எட்டு ஏக்கரிலும் உளுந்து வேண்டாம் என்கிறேன். நாலில் உளுந்து, ஒன்றில் பச்சைப்பயறு, மணல் மேட்டில் ஓர் ஏக்கர் நிலக்கடலை. கிணற்றடி இரண்டு ஏக்கரில் மட்டும் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கோடை நெல். அதிலும் துளை போட்ட குழாயை வயலில் புதைத்து, அதற்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதைப் பார்த்த பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும்போது மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும்.

அண்ணன், 8:15
[படம்]
வரப்பில் தானாக முளைத்த உளுந்துச் செடி. வேர் முடிச்சை நகத்தால் பிளந்தேன், உள்ளே இளஞ்சிவப்பு.

நான், 8:17
அந்த நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்குக் கொடுக்கும். யூரியாச் செலவு மிச்சம்.

பெரியப்பா, 10:02
வயலுக்குப் போய் வந்தேன். மண்ணைப் பிடித்தால் இன்னும் உருண்டை நிற்கிறது. ஒரு வாரம் தாங்காது. கிணற்று ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கே விதைக்க வேண்டும்.

ரங்கூன் அத்தை, 10:04
சங்கிலி?

பெரியப்பா, 10:05
பெட்டியிலேயே இருக்கட்டும்.

அண்ணன், 10:09
விதைக்குச் சொல்லிவிட்டேன் அப்பா. சாயங்காலம் வண்டியில் வருகிறது. பச்சைப்பயறு மட்டும் பத்து வீசை குறைகிறது.

ரங்கூன் அத்தை, 10:11
அதை நான் இங்கே வாங்கி இரவு பஸ்ஸில் அனுப்புகிறேன்.