மீன் குட்டை பம்புக்கு எத்தனை வாட் பேனல், எவ்வளவு பேட்டரி?

ஒடுகத்தூர் தோப்பு:
வணக்கம். எங்கள் தென்னந்தோப்பில் 20 அடி நீளம், 15 அடி அகலம், 4 அடி ஆழத்தில் குட்டை வெட்டி, தார்ப்பாய் விரித்து ரோகுவும் கெண்டையும் வளர்க்கிறேன். தண்ணீரைச் சுழற்ற 100 வாட் ஏசி பம்பு 24 மணி நேரமும் ஓடுகிறது. போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. விடிந்து போய்ப் பார்த்தால் பெரிய மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. சோலார் கடையில் 300 வாட் பேனல், 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் மணி) டியூப்ளர் பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் போதும் என்கிறார்கள். போதுமா? பேட்டரியை மோட்டார் ஷெட்டில் வைக்க நினைக்கிறேன். அங்கிருந்து குட்டை 100 அடி.

குடியாத்தம் வயர்மேன்:
தம்பி, அந்தக் கணக்கு உங்கள் பம்புக்குச் சரிவராது. 100 வாட் 24 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட். அந்த பேட்டரியில் மொத்தமே 12 × 150 = 1,800 வாட் மணி, அதாவது 1.8 யூனிட்தான். அதிலும் தினமும் பாதிக்கு மேல் இழுத்தால் டியூப்ளர் சீக்கிரம் போய்விடும். ஆக கைக்கு வருவது 900 வாட் மணி, இன்வெர்ட்டர் தின்றது போக இன்னும் கம்மி. சாயங்காலம் 6 மணிக்கு பேட்டரிக்கு மாறினால் ராத்திரி 2 மணிக்குள் பம்பு நின்றுவிடும்.

மீனுக்கு மூச்சு முட்டுவது அதற்கப்புறம்தான். பகலில் பாசி ஆக்சிஜன் விடும். இருட்டியதும் மீனோடு சேர்ந்து பாசியும் ஆக்சிஜனை இழுக்கும். விடிவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் அது மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தைத் தாண்ட வைக்காத பேட்டரிக்குக் காசு போடாதீர்கள்.

நான் சொல்வது இதுதான்: சுழற்சிக்கு 60 வாட் டிசி பம்பு (பேட்டரியில் நேராக ஓடுவது), பகலில் மட்டும் 6 மணி நேரம். ராத்திரிக்கு 35 வாட் டிசி ஏர் பம்ப், அடியில் ஏர் ஸ்டோன் (காற்றைச் சின்னச் சின்னக் குமிழியாக விடும் கல்). 12 மணி நேரத்துக்கு 420 வாட் மணிதான் ஆகும். இன்வெர்ட்டரே வேண்டாம். அதே 150 ஏஎச் பேட்டரி இரண்டு ராத்திரி தாங்கும்.

பேனலுக்கு வாருங்கள். பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் கால்வாசி வீணாகும் என்று வைத்தால் ராத்திரிக்கு 560, பகல் பம்புக்கு 360, மொத்தம் 920. நம் பக்கம் நல்ல வெயில் நாளில் 5 மணி நேர முழு வெயில் கிடைக்கும், அதாவது நாள் முழுக்க அடிக்கும் வெயில் பேனல் 5 மணி நேரம் முழு வாட்டில் ஓடுவதற்குச் சமம். ஐப்பசி, கார்த்திகைக்கு 3.5 என்றே போடுங்கள். சூடு, தூசு எல்லாம் சேர்த்து இன்னும் கால்வாசி கழித்தால் 350 வாட் வருகிறது. 200 வாட் பேனல் இரண்டு வாங்குங்கள்.

காட்பாடி மாடித்தோட்டம்:
அண்ணன் சொன்ன சூட்டை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்திரி வெயிலில் பேனல் 65 டிகிரிக்குப் போகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும், அதாவது 16 சதவீதம் போச்சு. ஷீட் மேல் ஒட்டிப் பதிக்காமல் அடியில் காற்றோட்டம் விடுங்கள். தெற்குப் பார்த்து 13 டிகிரி சாய்வு போதும். தென்னை ஓலை நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலும் கரண்ட் வெகுவாக இறங்கும், தோப்பு என்பதால் சொல்கிறேன்.

ஒடுகத்தூர் தோப்பு:
ரொம்ப நன்றிங்க அண்ணா. ஷெட் பக்கம்தான் நிழல் இல்லை. 4 சதுர மில்லி ஒயர் கொஞ்சம் கையில் இருக்கிறது, 100 அடிக்கு அது தாங்குமா?

குடியாத்தம் வயர்மேன்:
12 வோல்ட்டில் வேண்டாம். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் ஓடும். போக வர 60 மீட்டர் தாமிர ஒயரில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், 12 வோல்ட்டில் அது பெரிய நஷ்டம். 150 ஏஎச் ஒன்றுக்குப் பதில் 75 ஏஎச் பேட்டரி இரண்டை சீரிஸில் போட்டு 24 வோல்ட் ஆக்குங்கள், பம்புகளையும் 24 வோல்ட்டிலேயே வாங்குங்கள். பாதி ஆம்பியர்தான் ஓடும், 0.7 வோல்ட்டோடு நிற்கும். அந்த ஒயரே போதும். பேனலிலிருந்து பேட்டரிக்கு அளவாக ஏற்றிவிடும் சார்ஜ் கன்ட்ரோலர் 20 ஆம்பியர், எம்பிபிடி (பேனல் தரக்கூடிய அதிகபட்ச சக்தியை இழுக்கும்) வகை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் நிற்கும்போது குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி உள்ளே ஏறி பம்ப்பைக் கெடுத்துவிடும். வாங்கும்போது 4 அடி ஆழத்துக்குக் காற்றுத் தள்ளுமா என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஏசி பம்பை விற்றுவிடாதீர்கள், மூன்று நாள் அடைமழை பிடித்தால் கரண்ட் இருக்கும்போது அதைப் போட்டுக்கொள்ளலாம்.