வால்வு ஆம்ப்பில் சப்வூஃபர்: ஒயரை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி – கரகரப்பு

என்னிடம் இருப்பது ஈஎல்84 வால்வுகள் (ட்ரான்ஸிஸ்டருக்குப் பதிலாகச் சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள்) போட்ட புஷ்-புல் ஆம்ப், சேனலுக்கு 12 வாட். கூடவே 5 அங்குல வூஃபர் வைத்த சின்ன ஸ்பீக்கர்கள். குரல் என்றால் பாடுகிறவர் எதிரில் நிற்பது போலக் கேட்கும். டபுள் பேஸ் வந்தால்தான் சோகம். அதன் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸ். என் ஸ்பீக்கர் 60-க்குக் கீழே படுத்துவிடுகிறது. விரல் தந்தியில் உரசுவது கேட்கிறது, தந்தி அதிர்வது கேட்பதில்லை.

ஆழமான பேஸுக்கு மட்டுமே ஆன ஸ்பீக்கர், அதாவது சொந்தமாக ஆம்ப் உள்ள ஒரு சப்வூஃபர் வாங்கிவிட்டேன். அப்புறம்தான் என் ஆம்ப்பின் முதுகைப் பார்த்தேன். சப் அவுட் கிடையாது, டேப் அவுட் மட்டும்தான். சரி என்று அதில் செருகினேன். ராத்திரி வால்யூமைக் குறைத்தால் பாட்டு அடங்குகிறது, சப் மட்டும் தன்பாட்டுக்குத் தும் தும் என்று இடிக்கிறது. பாட்டே இல்லாதபோதும் ஒரு ஹம் வேறு.

சப்பில் ஹை லெவல் இன்புட் என்று இன்னொன்று இருக்கிறது. ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்தே ஒயர் எடுக்கலாமாம். இருப்பதே 12 வாட், அதிலும் சப் பங்கு கேட்காதா?

மறுமொழி – ஈயப்புகை

தம்பி, டேப் அவுட் வால்யூம் பொத்தானுக்கு முன்னாலேயே பிரிந்து வருவது. ரெக்கார்டருக்காக வைத்தது. நீ எவ்வளவு திருகினாலும் அதற்குத் தெரியாது.

ஹை லெவலில் பயம் வேண்டாம். 8 ஓமில் 12 வாட் என்றால் சுமார் 10 வோல்ட். ஹை லெவல் இன்புட் 10,000 ஓம் என்றே வைத்துக்கொள், அந்த 10 வோல்ட்டுக்கு அது இழுப்பது வெறும் 10 மில்லிவாட். சத்தத்துக்கான வேலையைச் செய்வது சப்புக்குள் இருக்கும் ஆம்ப்.

பொதுவாக மூன்று ஒயர்: ஒன்று இடது சிவப்புக்கு, ஒன்று வலது சிவப்புக்கு, மூன்றாவது ஏதாவது ஒரு கறுப்புக்கு. ஆனால் ஆம்ப்பை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரில் இரண்டு கறுப்பும் சேஸிஸோடு, அதாவது ஆம்ப்பின் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார். சில ஆம்ப்களில் கறுப்பு எர்த்தில் இருக்காது. அப்படியானால் இணைக்காதே, இங்கே வந்து சொல்.

இன்னொன்று, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை ஓட்டிப் பார்க்காதே. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு லோடு இல்லாவிட்டால் வோல்டேஜ் எகிறி உள்ளே இன்சுலேஷன் போய்விடும். ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரைக் கையால் திரும்பச் சுற்றியவன் சொல்கிறேன்.

மறுமொழி – மூலைக்காற்று

ஒயர் பாதி வேலைதான். சப்பை நீங்கள் உட்காரும் நாற்காலியில் தூக்கி வையுங்கள், பேஸ் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், பரவாயில்லை. எந்த இடத்தில் சுரங்கள் ஒன்றை ஒன்று முந்தாமல் கேட்கிறதோ, சப் அங்கே. 4.5 மீட்டர் நீள அறை 38 ஹெர்ட்ஸ் பக்கம் தானாகவே முழங்கும். மூலையில் வைத்தால் அதையே இன்னும் ஊதிவிடும்.

சப் எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே பாட வேண்டும் என்று சொல்லும் க்ராஸ்ஓவர் பொத்தானை 80-இல் வைக்காதீர்கள். உங்கள் ஸ்பீக்கர் விடும் இடத்தில் சப் எடுத்தால் போதும், 50-இல் ஆரம்பியுங்கள். சப்பின் அதிர்வைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் போட்டுப் பார்த்து, பேஸ் எதில் கனமாக வருகிறதோ அதில் விடுங்கள்.

மறுமொழி – ஒரு மைக்ரோ

ஆம்ப்பின் இன்புட்டில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் போட்டால் பேஸ் பாரமே ஆம்ப்புக்கு இருக்காது. இன்புட் 100 கிலோ ஓம் என்றால் 0.022 மைக்ரோஃபாரட், 72 ஹெர்ட்ஸிலிருந்து கீழே பேஸ் இறங்கும். சின்ன ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அது பெரிய நிம்மதி.

மறுமொழி – ஈயப்புகை

யோசனை நல்லதுதான். ஆனால் இவர் சப்புக்கு ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து எடுக்கிறார். உள்ளே போகும்போதே பேஸை வெட்டினால் சப்புக்கு என்ன மிஞ்சும்? வால்யூமை ஆம்ப்புக்கு முன்னால் வரும் தனி ப்ரீஆம்ப் பார்த்துக்கொண்டு, சப்புக்கும் அங்கிருந்தே ஒயர் போகிற ஏற்பாட்டில் அதைச் செய்யலாம். இவருக்கு இப்போது வேண்டாம்.

மறுமொழி – கரகரப்பு

அண்ணா, மீட்டர் பீப் அடித்தது, இரண்டு கறுப்பும் சேஸிஸில்தான். மூன்று ஒயரும் போட்டாயிற்று. வால்யூமைக் குறைத்தால் சப்பும் கூடவே அடங்குகிறது. ஹம் கொஞ்சம் இருந்தது. இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகியதும் காதை ஒட்டினால்தான் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

தவழ்ந்தும் பார்த்தேன். இடது ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் பின்னால் கிடைத்தது இடம். க்ராஸ்ஓவர் 50, சப்பின் லெவல் கால் திருகல்கூட இல்லை. சப் பாடுவதாகவே தெரியவில்லை, அணைத்தால்தான் டபுள் பேஸ்காரர் எழுந்து போனது தெரிகிறது.

இப்போது புதுத் தொல்லை. அந்தக் கனத்த தந்தியைத் தொட்டாலே அலமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கிறது.

மறுமொழி – மூலைக்காற்று

காகிதத்தை நாலாக மடித்துக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகுங்கள். என் வீட்டில் ஏழு இடத்தில் இருக்கிறது.