நிறம் பூசாத அம்ப்ளிஃபயர் காதுக்குக் காணுமோ? யாழ்ப்பாணத்து ஆக்களின்ரை அனுபவங்கள்

கொக்குவிலான்:

லண்டனிலையிருந்து வந்த மருமகன் ஒரு கிளாஸ்-டி (மின்சாரத்தைப் படுவேகமாய்ப் போட்டு நிப்பாட்டி வேலை செய்யிற வகை) அம்ப்ளிஃபயர் கொண்டுவந்து தந்தவன். உள்ளுக்கை ஹைபெக்ஸ் என்கோர் மொடியூல். அளந்து போட்ட படங்களிலை குறை சொல்ல இடமில்லை. காதுக்குக் கேக்கிற 20 ஹேர்ட்ஸிலையிருந்து 20,000 மட்டும் கோடு நேராய்க் கிடக்கு, அதாவது சுருதி எதையும் ஏத்தி இறக்கேல்லை. இதுக்கு முதல் ஓடினது ஐயாவின்ரை ஜப்பான் செற். அதிலை பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாம் இருக்கு. புதுசிலை வொலியூம் குமிழ் மட்டும்தான். பாட்டு மெலிஞ்சு போனமாதிரிக் கிடக்கு. இரைச்சலும் இல்லை, எரிச்சலும் இல்லை. ஆனால் எழும்பிப் போய் இன்னொரு பாட்டுப் போடுவம் எண்ட ஆசையும் வரேல்லை. இப்பிடியானதுக்கு மாறின ஆக்கள் சொல்லுங்கோ: பழகப் பழகப் பிடிச்சுதோ, இல்லாட்டி வித்துப்போட்டியளோ?

இணுவில் பெடியன்:

அண்ணை, முதல் அந்த லவுட்னஸ் பொத்தானைப் பற்றிக் கதைப்பம். சத்தம் குறையக் குறைய எங்கடை காது கீழ்ச்சுருதியைத்தான் முதல் கைவிடும். ஃபிளெற்சரும் மன்சனும் 1933இலையே இதை அளந்து காட்டிப்போட்டினம். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பொத்தான். ஐயா அதை நிப்பாட்டியே இருக்கமாட்டார் எண்டு நினைக்கிறன். அப்ப நீங்கள் ஒப்பிடுறது இரண்டு அம்ப்ளிஃபயரை இல்லை, பொத்தான் போட்ட சத்தத்தையும் போடாத சத்தத்தையும்.

என்ரை விசயத்துக்கு வாறன். எங்கடை ஊரிலை தவில் சாதகம் கேக்காமல் வளர ஏலாது. வலந்தலையிலை (வலப்பக்கத்திலை) கூடு போட்ட விரல், தொப்பியிலை (இடப்பக்கத்திலை) கழி, இரண்டும் பக்கத்திலை நிண்டு கேட்டால் எப்பிடியிருக்கும் எண்டு காதுக்குப் பாடம். பாஸ் ஏத்தின செற்றிலை தொப்பி ஊதிப்பெருத்து வலந்தலையை விழுங்கிப்போடும். நான் இப்ப வைச்சிருக்கிற நியூட்ரல், அதாவது நிறம் பூசாத, அம்ப்ளிஃபயரிலை கழி தோலிலை படுற அந்த முதல் தட்டு தனியாய் வருது, அதுக்குப் பின்னாலை கும்காரம் வேறையாய் வருது. நாதஸ்வரம் கூராய்த்தான் கேக்கும். நேரிலையும் அது கூர்தானே! கோயில் லவுஸ்பீக்கரிலை கேட்டுப் பழகின ஆக்களுக்கு இது உறைக்காது.

ஆனால் என்னட்டைத் தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியின்ரை பழைய கசெற் பிரதி ஒண்டு கிடக்கு. ஒலிவாங்கி திணறுற இடமெல்லாம் இப்ப முகத்திலை அடிக்குது. அதை இன்னமும் சின்ன றேடியோவிலைதான் கேக்கிறன்.

தீர்ப்புச் சொல்ல முதல் சத்தத்தைச் சமப்படுத்துங்கோ. 60 ஹேர்ட்ஸ் ரோன் ஒண்டைப் போட்டு, ஸ்பீக்கர் முனையிலை மல்ரிமீற்றரைப் பிடியுங்கோ. மலிவு மீற்றர்கள் 1000 ஹேர்ட்ஸிலை பிழையாய்க் காட்டும், அதாலைதான் 60. இரண்டிலையும் 2 வோல்ற் எண்டு வைச்சால், வித்தியாசம் 0.02க்குள்ளை நிக்கவேணும். அது ஏறக்குறைய 0.1 டெசிபெல் (சத்தத்தை அளக்கிற அலகு). இது செய்யாட்டி, துளியளவு கூடுதலாய்ச் சத்தம் போடுறதுதான் எப்பவும் வெல்லும்.

வல்வைக் கரையான்:

தம்பி சொல்லுறது கணக்குக்குச் சரி. ஆனால் நான் ரியூப் (பழைய கண்ணாடி வால்வு) அம்ப்ளிஃபயர் ஆள். 90இலையிருந்து கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவிலை பாட்டுக் கேட்ட தலைமுறை. மிதிக்கிறவன் களைச்சால் பாட்டுக்காரரும் களைச்சுப்போவார். அந்தச் சத்தத்திலை உருகினவனுக்கு நேர்க்கோடு காட்டி என்ன பிரியோசனம்?

ரியூப் செற் ஏன் வேறையாய்க் கேக்குது எண்டதிலை மாயம் ஒண்டும் இல்லை. அதின்ரை வெளியீட்டுத் தடை கூடுதல். ஸ்பீக்கரின்ரை தடையோ சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். தடை கூடின இடத்திலை சத்தமும் கொஞ்சம் எழும்பும். அதைத்தான் நாங்கள் "உயிர்" எண்டு கொண்டாடுறம். 1985இலை பொப் கார்வர் எண்ட அமெரிக்கர், விலைகூடின ரியூப் அம்ப்ளிஃபயர் ஒண்டின்ரை சுபாவத்தைத் தன்ரை மலிவான ரிரான்சிஸ்ரர் அம்ப்ளிஃபயருக்கு ஏத்திக் காட்டினவர். இரண்டின்ரை வெளியீட்டையும் ஒண்டிலையிருந்து ஒண்டு கழிச்சால் மிச்சம் 70 டெசிபெல் கீழை, அதாவது ஏறக்குறைய ஒண்டும் இல்லை. ஸ்டீரியோஃபைல் சஞ்சிகைக்காரரே கேட்டுப்போட்டுப் பிரிச்சறிய ஏலாமல் நிண்டவை. எல்லாம் தெரிஞ்சும் நான் ரியூப்பை விடேல்லை. எனக்கு அந்த நிறம் வேணும், அவ்வளவுதான். அதை உண்மையான சத்தம் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.

மானிப்பாய் அக்கா:

அம்ப்ளிஃபயருக்கு அடிபடுறியள், ஸ்பீக்கர் எங்கை நிக்குது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. சீமெந்து நிலம், வெறுஞ்சுவர், மூலையிலை ஸ்பீக்கர். எங்கடை வீடுகளிலை இதுதானே வழக்கம். நான் நிலத்திலை தடிச்ச கம்பளம் விரிச்சு, ஸ்பீக்கரைச் சுவரிலையிருந்து இரண்டடி முன்னுக்கு இழுத்தன். எந்த அம்ப்ளிஃபயர் மாத்தினபோதும் வராத வித்தியாசம் அதிலை வந்தது. மூலையிலையிருந்து எடுத்தால் பாஸ் குறையும் எண்டதையும் நினைவிலை வைச்சிருங்கோ.

கொக்குவிலான்:

எல்லாருக்கும் நன்றி. இணுவில் தம்பி சொன்னமாதிரிச் சமப்படுத்தி, ஐயாவின்ரை செற்றிலை குமிழெல்லாத்தையும் நடுவிலை வைச்சு, லவுட்னஸை நிப்பாட்டிக் கேட்டன். மகன்தான் மாத்தி மாத்திப் போட்டவன், எது ஓடுது எண்டு எனக்குச் சொல்லேல்லை. நடுத்தரச் சத்தத்திலை பிரிச்சுச் சொல்ல ஏலேல்லை. கூட்டிக்கொண்டு போனால் பழசு முதலிலை கரகரக்கத் தொடங்குது, புதுசு அசையாமல் நிக்குது. பின்னேரம் ஆறுதலாய் இருந்து கேக்கேக்கை புதுசுதான் வேணும். ராத்திரி ஆக்கள் படுத்தாப்பிறகு மெல்லமாய்க் கேக்கிறதுக்கு லவுட்னஸ் போட்ட பழசு. இரண்டையும் ஒரே ஸ்பீக்கரிலை பொருத்தி, சுவிச் ஒண்டாலை மாத்த ஏலுமோ?

இணுவில் பெடியன்:

சாதாரண சுவிச் வேண்டாம் அண்ணை. சில கிளாஸ்-டி அம்ப்ளிஃபயர்களிலை மைனஸ் முனையும் நிலத்தோடை இல்லை, அதுவும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டின்ரை மைனஸையும் சேத்துக் கட்டினால் புதுசு எரிஞ்சுபோகவும் கூடும். பிளஸ், மைனஸ் இரண்டையும் முழுசாய் வெட்டி மாத்துற சுவிச் எண்டால் சரி. அதைவிட லேசான வழி, பாட்டுப் போடுற கொம்பியூற்றரிலையே ஈகுவலைசர் (சுருதிகளைத் தனித்தனியாய் ஏத்தி இறக்கிறது) ஒண்டு வைச்சு, 100 ஹேர்ட்ஸுக்குக் கீழை 5 டெசிபெல் ஏத்தி "ராத்திரி" எண்டு சேமிச்சு வையுங்கோ. மேல்ச்சுருதிக்கு 2 காணும். பகலிலை அதை நிப்பாட்டிவிடுங்கோ.