சென்னையில் உட்கார்ந்து ஜப்பானியப் புத்தகம், பாட்டு, ரேடியோ: எதெல்லாம் திறக்கும்?

போரூர்வாசி கேட்டது:

நகோயாவில் வேலை முடிந்து சென்னைக்கே வந்தாச்சு. ஜப்பானிய மொழி என்3 அளவில் (ஜேஎல்பிடி மொழித் தேர்வின் நடு நிலை) நிற்கிறது, கைவிட்டுப் போய்விடக் கூடாது. ரயிலில் படிக்கிற பாக்கெட் சைஸ் புத்தகம், ராத்திரி ரேடியோ, பழைய சிடி கடை, இந்த மூன்றையும்தான் மனசு தேடுது.

ஆஓசோரா புன்கோ என்ற இலவச மின்னூலகத்தில் இறக்கிய கதையைத் திறந்தால் எல்லாம் ஜிலேபி எழுத்து. ஜப்பானிய வானொலிகளைத் தரும் ரேடிகோ ஆப், ஜப்பானுக்கு வெளியே கேட்க முடியாது என்கிறது. அங்கிருந்து தூக்கி வந்த சிடி ரேடியோ பெட்டி 100 வோல்ட், இங்கே எப்படி ஓட்டுவது? டிவிடிகளை வீட்டு பிளேயர் ஏற்கவே மாட்டேங்குது. தெரிந்தவங்க விவரமாச் சொல்லுங்க.

ஏட்டுச்சுரைக்காய் பதில்:

ஃபைல் கெட்டுப்போகவில்லை. ஆஓசோராவின் ஜிப் கோப்புகள் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய குறியாக்கத்தில் இருப்பவை. உங்கள் கருவி அதை இன்றைய குறியாக்கமான யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறக்கிறது, அவ்வளவுதான். நோட்பேட்++ல் என்கோடிங் மெனுவுக்குள் கேரக்டர் செட்ஸ், ஜாப்பனீஸ், ஷிஃப்ட்-ஜிஸ் என்று போங்கள். எழுத்து ஒழுங்காகத் தெரிந்த பிறகே ‘கன்வர்ட் டு யூடிஎஃப்-8’ கொடுத்துச் சேமிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஜிலேபியே யூடிஎஃப்-8 ஆகிச் சேமிக்கப்பட்டுவிடும். பிறகு மறுபடி இறக்குவதுதான் வழி.

கோப்புக்குள் இரட்டைக் கோண அடைப்பில் வருவது ஃபுரிகானா, அதாவது கான்ஜி என்ற சீன வழி எழுத்தின் உச்சரிப்பைக் காட்டும் சிறு எழுத்து. சதுர அடைப்பும் # குறியும் சேர்ந்து வருவது தட்டச்சு செய்த தன்னார்வலர்களின் குறிப்பு, கதையில் சேர்த்தி இல்லை. இதெல்லாம் கண்ணை உறுத்தினால், அதே பக்கத்தில் உள்ள எக்ஸ்ஹெச்டிஎம்எல் பதிப்பை பிரவுசரில் படியுங்கள். ஃபுரிகானா கான்ஜியின் தலைக்கு மேலேயே வந்துவிடும். மேலிருந்து கீழாக, அச்சுப் புத்தகம் மாதிரி வேண்டுமென்றால் ஆஓசோரா-இபப்3 என்ற ஜாவா நிரலில் ஜிப்பை இழுத்துப் போட்டால் இபப் மின்னூல் ஆக்கித் தரும்.

எல்லோரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஒவ்வொரு படைப்பின் விவரப் பக்கத்திலும் எழுத்து வகை குறித்திருக்கும். ‘ஷின்ஜி ஷின்கானா’ (புது எழுத்துமுறை) என்று இருப்பதை மட்டும் எடுங்கள். ‘கியூஜி கியூகானா’ என்றால் போருக்கு முந்தைய எழுத்துமுறை. என்3 வைத்துக்கொண்டு அதில் இறங்கினால் முதல் பக்கத்திலேயே வெறுத்துப்போகும்.

யாரைப் படிப்பது? நீமி நான்கிச்சியில் தொடங்குங்கள், வாக்கியம் நேராகப் போகும். மியாசாவா கென்ஜியும் சிறுவர் கதைக்காரர்தானே என்று ஏமாற வேண்டாம். அவர் சொந்தமாக உருவாக்கிய ஒலிக்குறிப்புச் சொற்கள் எந்த அகராதியிலும் சிக்காது. அகுதாகாவா கதைகள் சிறியவை, ஆனால் சொற்கள் கனம். தஸாய் ஒசாமு பேசுகிற குரலில் எழுதுவதால் நீளமான வாக்கியத்திலும் கூடவே நடக்கலாம்.

கவாபாதா, மிஷிமா அங்கே இல்லையே என்று தேடாதீர்கள். ஜப்பானில் காப்புரிமை, ஆசிரியர் இறந்து 50 ஆண்டு என்றிருந்தது. 2018 டிசம்பர் 30 முதல் அது 70 ஆனது. 1967 வரை இறந்தவர்கள் அதற்குள் பொதுவுடைமை ஆகிவிட்டார்கள், 1968இல் இறந்தவர்களுக்கு 2039 பிறக்க வேண்டும். அதனால் 1965இல் மறைந்த தனிசாகி கிடைப்பார், 1970இல் மறைந்த மிஷிமா 2041 வரை கிடைக்க மாட்டார்.

இன்றைய மொழி வேண்டுமென்றால் ‘ஷோசெத்ஸுகா நி நாரோ’ என்ற இணைய நாவல் தளம், 2004 முதல் இருக்கிறது, இலவசம். தரம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் உரையாடல் நிறைய, அதுதான் உங்களுக்குத் தேவை. பிரவுசரில் யோமிதான் என்ற அகராதி நீட்சியைப் போட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி சொல்மேல் சுட்டியை வைத்தால் பொருள் வரும். வரவில்லையா? அகராதி தனியாக ஏற்ற வேண்டும், ஜேஎம்டிக்ட் போதும். குரோமில் நீங்கள் சேமித்து வைத்த பக்கத்தில் மட்டும் வரவில்லை என்றால், நீட்சியின் அமைப்பில் ‘ஃபைல் யுஆர்எல்’ அனுமதியைத் திறந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் வேலை செய்யும்.

காசு கொடுத்து வாங்க, புக்வாக்கர் என்ற மின்னூல் தளத்தின் ஜப்பானியக் கடை. ஆங்கிலக் கடை வேறு, கணக்கில் குழம்ப வேண்டாம். கார்டு மறுக்கப்பட்டால் முதலில் வங்கி ஆப்பைத் திறந்து வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டில் அது மூடியேதான் வரும்.

சிற்றலை பதில்:

ரேடிகோவை விட்டுடுங்க. அது ஐபி முகவரியை வைத்துப் பகுதியைத் தீர்மானிக்கிற சேவை, டோக்கியோவில் இருப்பவருக்கே ஒசாகா நிலையம் கேட்கணும்னா தனிக் கட்டணம். காசு கட்டினாலும் ஜப்பானுக்கு உள்ளே இருந்தால்தான். விபிஎன் போட்டு ஏமாற்றுவது அவங்க விதிக்குப் புறம்பு. அதுவும் தெரிந்த விபிஎன் முகவரிகளை அடைச்சிருவாங்க, இன்னிக்கு ஓடினது நாளைக்கு ஓடாது. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே-வின் உள்நாட்டு ரேடியோ ஆப்பும் இதே கதைதான்.

பூட்டு இல்லாதது உள்ளூர் சமுதாய எஃப்எம் நிலையங்கள். ஷோனான் பீச் எஃப்எம் (அங்கே 78.9) தன் வலைத்தளத்திலேயே நேரலை விடுது. ஜாஸ் நிறைய, நடுநடுவே கடலோர ஊர்ச் செய்தி. கேட்கும் பயிற்சிக்கு இதுதான் நல்லது, மெதுவாப் பேசுவாங்க. பெரிய நிலையங்கள் சிலது தங்கள் நிகழ்ச்சியைப் பாட்காஸ்டாவும் வெளியிடுது. அதில் பாட்டுகளை வெட்டியிருப்பாங்க, உரிமைச் சிக்கல். பேச்சு முழுசா இருக்கும்.

நேரக் கணக்கு: ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். அங்கே பின்னிரவு நிகழ்ச்சியை ‘திங்கள் 25 மணி’ன்னு போடுவாங்க, அதாவது செவ்வாய் அதிகாலை 1. தேதியை மாற்றிக் குழம்பாம 25-ல மூன்றரையைக் கழிங்க. திங்கள் இரவு 9:30, கிழமை அதேதான். அவங்க தூங்காம கேட்கிற நிகழ்ச்சி நமக்குச் சாப்பிட்ட கையோட கேட்கிற நிகழ்ச்சி! காலை 6:30 ரேடியோ உடற்பயிற்சிதான் மாட்டிக்கும், இங்கே விடியக்காலம் 3 மணி. அதை யூடியூபில் போட்டுக்குங்க, முதல் வரிசை 13 அசைவு, மூணு நிமிஷம் சொச்சம்.

ஸ்ட்ரீமிங் ஆப்பில் பாட்டு தேடும்போது ஆங்கில எழுத்தில் தேடாதீங்க. பாடகர் பெயரை கான்ஜியிலோ கதகானா எழுத்திலோ போடுங்க. ‘இல்லை’ன்னு வந்ததில் பாதி அப்படியே கிடைக்கும்.

ரிச்சி தெரு பதில்:

சார், பெட்டியின் முதுகில் உள்ள லேபிளை முதலில் படிங்க. வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் மூணும் வேணும். தனி அடாப்டர் இருந்து அதில் 100–240 என்று போட்டிருந்தால் ஊசி மாற்றி மட்டும் போதும். நகோயா 60 ஹெர்ட்ஸ் ஊர், நம்மது 50. வெறும் 60 என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் அதிகமாகச் சூடாகும், மாட்டாதீங்க.

டிவிடி: ஜப்பான் மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. ப்ளூரேயில் அவங்க ஏ, நாம சி. கம்ப்யூட்டர் டிரைவில் மண்டலத்தை மாற்றலாம், ஆனா மொத்தம் 5 தடவைதான், அப்புறம் கடைசியா வெச்சதிலேயே நின்றுவிடும். அதனால மலிவான யுஎஸ்பி டிரைவ் ஒண்ணு தனியா வாங்கி மண்டலம் 2-ல் நிறுத்திடுங்க. ஆடியோ சிடிக்கு மண்டலமே கிடையாது. ஆனா 2002க்குப் பிறகு சில வருஷம் அங்கே காப்பி தடுப்பு வட்டுகள் வந்தன. அதில் ‘காம்பாக்ட் டிஸ்க்’ சின்னம் இருக்காது, கம்ப்யூட்டர் டிரைவில் திணறும். பழைய வட்டு ஆன்லைனில் வாங்கும்போது படத்தைப் பெரிசாக்கிச் சின்னத்தைப் பாருங்க. கணினியில் ஏற்றின பாட்டுகளின் பெயர் ஜிலேபியா வந்தா, மேலே சுரைக்காய் சொன்ன அதே ஷிஃப்ட்-ஜிஸ் வியாதிதான். மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்ற நிரலில் போட்டுப் பெயர்களைப் புதுசா எடுங்க.

போரூர்வாசி:

நன்றி. லேபிளில் 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், 22 வாட். அடாப்டர் இல்லை, நேர் வயர். கடையில் 230-க்கு 110 டிரான்ஸ்ஃபார்மர்தான் ரெடியா இருக்காம். பரவாயில்லையா? இன்னொன்று, கட்சுவோபுஷி (புகைபோட்டுக் காயவைத்த சூரை மீன்) இல்லாமல் தாஷி (ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு) வைக்க வழி உண்டா? தலைப்புக்குச் சம்பந்தமில்லைதான்.

ரிச்சி தெரு பதில்:

50/60 என்றால் ஹெர்ட்ஸ் கவலை விட்டது. 110 வேண்டாம். நம்ம லைனில் 240 வரும் நேரத்தில் அதன் வெளியீடு 115 ஆகிடும், 100-க்கு 15 சதவீதம் கூட. உள்ளே இருக்கிற ரெகுலேட்டர் தேவையில்லாம வேகும். 230-க்கு 100 என்று சொல்லிச் சுற்றித் தரச் சொல்லுங்க, 22 வாட்டுக்கு 50 விஏ தாராளம். ‘ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்’ வாங்காதீங்க, விலை குறைவுதான். அதில் ஒரே சுற்று, பொதுப் பகுதியில் கம்பி அறுந்தால் 230-ம் நேரா பெட்டிக்குள்ள போயிடும். இரண்டு தனிச் சுற்று உள்ளதைக் கேளுங்க. ரேடியோ நின்றிருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட் குடிக்கும், சுவிட்சை அணைச்சு வைங்க.

ரேடியோ பகுதியை நம்பாதீங்க. ஜப்பான் எஃப்எம் 76-ல் தொடங்கி 95-ல் முடியும், பழைய பெட்டி 90-லேயே நின்றுவிடும். சூரியன் 93.5 ஒருவேளை எட்டலாம், மிர்ச்சி 98.3-ம் ஹலோ 106.4-ம் எட்டவே எட்டாது. ஏஎம் மட்டும் சரியா வரும், இரண்டு நாட்டிலும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான். 720-ல் சென்னை வானொலி கேட்கலாம்.

மாசிச்சம்பல் பதில்:

தாஷிக்கு மாசி இருக்கே! அதுவும் சூரை மீன்தான், அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது. கட்சுவோபுஷியின் உயர்ந்த ரகங்களில் அதற்கு மேல் பூஞ்சை ஏற்றுவார்கள், அந்த நிலை மட்டும் மாசியில் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு (காய்ந்த கடற்பாசி) அரைமணி ஊறட்டும், பிறகு சிறு தீ. கொதி வருவதற்கு முன்பே கொம்பை எடுத்துவிட வேண்டும், விட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். அப்புறம் 25 கிராம் மாசியைக் கல்லில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, தளதளவென்று கொதிக்காமல் 6, 7 நிமிடம். சீவல் என்றால் ஒரு நிமிடத்தில் இறங்கும், தட்டிய துண்டுக்கு நேரம் பிடிக்கும். துணியில் வடிகட்டுங்கள், பிழிய வேண்டாம். மாசியை உப்புத் தண்ணீரில் அவிப்பதால் மிசோவை (புளித்த சோயா விழுது) கால்பங்கு குறைத்துப் போட்டு ருசி பார்த்து ஏற்றுங்கள். சைவம் என்றால் கொம்போடு காய்ந்த ஷியிதாகே காளான் நான்கு, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறினால் போதும்.

ஏட்டுச்சுரைக்காய் பதில்:

புத்தகம் கொண்டுவந்திருந்தால் ஐப்பசி அடைமழைக்கு முன்பே இதைச் செய்யுங்கள். வெளிச்சுவர், குளியலறைச் சுவர் ஓரம் அலமாரி கூடாது. பின்னால் நாலு விரல் இடைவெளி விட்டால் பூஞ்சை பாதி குறையும். வசம்பைத் துணியில் முடிந்து அடுக்குக்கு ஒன்று வையுங்கள், பூச்சி அண்டாது. பிவிசி உறை போடாதீர்கள், நம்ம வெயிலில் இளகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். சிடியின் ‘ஓபி’ காகிதப் பட்டைக்கும் இதே விதி, பாலிபுரோப்பிலீன் உறை வாங்குங்கள்.

என்3-ஐ ஏற்ற வேண்டுமென்றால் அமைந்தகரை நெல்சன் மாணிக்கம் சாலையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய். வகுப்பும் உண்டு, ஜேஎல்பிடி தேர்வும் அவர்கள் வழியாகத்தான். தேர்வு ஜூலை, டிசம்பர் முதல் ஞாயிறுகளில். விண்ணப்பம் மாதக்கணக்கில் முன்பே மூடிவிடும், டிசம்பருக்கு ஆகஸ்டிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.