மறுமொழி: ‘இடைக்கால ஆய்வுகள்’ போதாதா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘Interdisciplinary Medieval Studies’ என்ற பட்டப்படிப்புக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் உரையாடலில் எழுந்த கேள்வி இது:

> பள்ளியில் ‘இடைக்கால இந்தியா’ என்றுதானே படித்தோம்? ‘பல்துறை இடைக்கால ஆய்வுகள்’ என்று வைத்துக்கொள்வதில் என்ன தடை?

‘இடைக்காலம்’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. செல்லாரியுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1688-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இருந்த லத்தீன் தொடருக்கும் நடுவில் அமைந்த காலம் என்பதே பொருள். சிக்கல் ‘ஆய்வு’ சேரும்போது எழுகிறது. இடைக்காலத் தடை, இடைக்கால நிவாரணம், இடைக்கால நிதிநிலை அறிக்கை என்று நாள்தோறும் நாளிதழில் படித்துப் பழகியவர், ‘இடைக்கால ஆய்வு நிறுவனம்’ என்ற பெயர்ப்பலகையைக் கண்டால், நிரந்தர நிறுவனம் அமையும்வரை ஒப்பேற்றும் தற்காலிக ஏற்பாடு என்றுதான் எண்ணுவார். ‘மத்தியகால ஆய்வு மையம்’ என்றாலோ, மத்திய அரசின் அலுவலகம் ஒன்று கூடுதலாகிவிடும்!

ஆகவே ‘இடைக்காலவியல்’ என்பதை முன்மொழிகிறேன். ‘இயல்’ ஒற்றைத் துறையையே குறிக்கும் என்று முன்மடலில் ஒருவர் ஐயுற்றிருந்தார். மொழி, இலக்கியம், கல்வெட்டு, வரலாறு அனைத்தையும் ‘தமிழியல்’ தாங்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஐயத்துக்கு இடமில்லை.

‘பல்துறை’ என்ற முன்னொட்டைத்தான் நான் ஏற்கத் தயங்குகிறேன். பல துறைகள் அடுத்தடுத்த அறைகளில் தத்தம் வேலையைப் பார்த்தாலும் அது பல்துறைதான். இப்படிப்பு கேட்பது அதுவன்று. பிரெஞ்சு மெய்யியல் அறிஞர் எத்தியேன் ஜில்சோனின் முயற்சியால் 1929-இல் டொராண்டோவில் தொடங்கிய இடைக்காலவியல் நிறுவனத்திலும், பின்னர் அதே நகரத்துப் பல்கலைக்கழகம் அமைத்த மையத்திலும், மெய்யியலோ சட்டமோ இலக்கியமோ எதை ஆராய வந்தாலும் மாணவருக்கு லத்தீனும் பழங்கால எழுத்துகளைப் படிக்கும் தொல்லெழுத்தியலும் அடிப்படைப் பயிற்சியாயின. விலங்குத் தோலில் எழுதிய தோற்சுவடியின் ஏட்டில் ‘p’ எழுத்தின் காலில் ஒரு குறுக்குக்கோடு இருந்தால் ஒரு சொல்லின் சுருக்கம், மேலே கோடு இருந்தால் வேறொன்றின் சுருக்கம்; தோலின் ஒரே புறங்கள் எதிரெதிரே வருமாறு ஏடுகளை அடுக்குவது வழக்கமாதலால், விரித்த சுவடியில் ஒரு பக்கம் மயிர்த்துளைகளுடன் மங்கலாகவும் எதிர்ப்பக்கம் வெளிறியும் இருந்தால், இடையில் ஓர் ஏடு காணாமற்போயிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். இவையெல்லாம் ஒரே மாணவரின் கண்ணிலும் கையிலும் சேர வேண்டியவை.

2019-இல் வெளியான ஓர் ஆய்வையும் கருதுங்கள். ஜெர்மனியின் டால்ஹைம் மடத்து இடுகாட்டில், ஏறத்தாழ 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பற்காரையில் நீலத் துகள்கள் தென்பட்டன. அவை அந்நாளில் ஆப்கானிஸ்தானிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ச்சேர்ந்த லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லின் துகள்கள் என்று நிறமாலைப் பகுப்பாய்வு உறுதிசெய்தது. தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்கிய சுவடி ஓவியராக அவர் இருந்திருக்கக்கூடும் என்ற முடிவுக்கு, எலும்பியல், வேதியியல், சுவடியியல், மடங்களின் வரலாறு, வணிக வரலாறு ஆகியவற்றுள் எதுவும் தனித்து நின்று வந்திருக்க இயலாது.

இந்தப் பிணைப்பைக் காட்ட ‘துறையிடை’ போதாது. அது இரண்டு துறைகளுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடத்தைத்தான் நினைவூட்டுகிறது. ‘கூட்டுத்துறை’ என்றால் கூட்டுறவுத் துறையாக வாசிக்கப்படும். எனவே ‘துறையிணைவு’ என்று வைத்து, பட்டப்படிப்பைத் ‘துறையிணைவு இடைக்காலவியல்’ எனலாம். ‘இணைத்துறை’ என்று மாற்றி எழுதிவிட வேண்டாம், அது துணைப்பாடமாகிவிடும்.

தோற்சுவடிக்குத் தனிச்சொல் தேவையில்லை. ஓலைக்கு வழங்கும் ‘சுவடியியல்’ தோலுக்கும் பொருந்தும். இத்துறை அறிஞரை ‘இடைக்காலவியலர்’ என்பதா, ‘இடைக்காலவியலாளர்’ என்பதா என்பதில் மட்டும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் வாக்கு முன்னதற்கே. ‘அறிவியலாளர்’ பழகிவிட்டதென்பதற்காக எல்லா இடத்திலும் ‘ஆள’ வேண்டியதில்லை.